நாற்பத்தேழால் வகுபடாத எண்

அக்காவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தபோது அவள் வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள். கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் பாதியை எழுதியவள் சாக்பீஸைக் கீழே போட்டாள், பிறகு தானும் விழுந்தாள். மாணவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பிள்ளைகள் ஓடிய ஓட்டம்தான் உயிரைக் காப்பாற்றியது என்றார் டாக்டர். சில வாரங்களில் பேச்சு திரும்பியது. நடையும் ஒரு மாதிரி வந்துவிட்டது. வலது கை மட்டும் பேனா பிடிக்க மறுத்தது, பார்வையில் வலது ஓரம் அழிந்துபோயிருந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எண்கள் போய்விட்டன, அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார் டாக்டர். தொண்ணூற்று மூன்று என்றாள். அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்தாள். கல்லூரியில் வருடக்கணக்காக எண்கணிதம் நடத்துகிறவள், கடைக்காரர் பில் போடுவதற்குள் மொத்தத்தைச் சொல்லி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவள், ஏழைக் கழிக்கத் தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள். யார் மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. கைக்கு அகப்பட்டவர் டாக்டர்தான், அவரிடம் காட்டினேன். பாவம் அவர்.

நான் அவள் தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் செய்யும் தப்புக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிற வேலை. இதில் பொறுமை வளரும் என்பார்கள், எனக்கு வாய்தான் வளர்ந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுவார். வீட்டில் மட்டும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்.

கல்லூரி முதல்வர் பழக்கூடையோடு வந்து பார்த்தார். தங்கமான மனிதர், அதுதான் பிரச்சினை. அக்காவுக்கு எந்தச் சிரமமும் வரக்கூடாது என்றார். விருப்ப ஓய்வு என்று ஒன்று இருக்கிறது, மரியாதையாக விழா எடுத்து அனுப்புவோம் என்றார். அதற்கான விண்ணப்பத்தையும் பழங்களுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வகுப்புக்குத் திரும்புவதா ஓய்வா என்பதை அவளுடைய மருத்துவ விடுமுறை முடிவதற்குள் சொன்னால் போதும், அவசரமே இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். அவசரமே இல்லை என்று இரண்டு தரம் சொல்லுகிறவர் அவசரத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அத்தான் அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார், முகத்தில் ஒரு நிம்மதி. உழைத்தது போதும், இனி வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பழம் கூட நான் தின்னவில்லை.

அக்கா யார் கட்சியிலும் சேரவில்லை. தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள்.

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். பள்ளியில் எல்லோரும் படித்துவிட்டு மறந்த விஷயம். இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி, வருவதிலிருந்து ஒன்றைக் கழித்தால் பத்து இலக்கத்தில் ஓர் எண் வரும். அது பகா எண். கிட்டத்தட்ட இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் கண் பார்வை போய்விட்ட ஒருவர் அதை நிறுவினார், அன்றைக்கு மனிதருக்குத் தெரிந்த பகா எண்களில் அதுதான் மிகப் பெரியது. இன்று கம்ப்யூட்டர்கள் கோடிக்கணக்கான இலக்கம் கொண்டவற்றையெல்லாம் பிடித்துவிட்டன, இது அவற்றின் முன் தூசு. ஆனால் ஒருவர் தனியாக உட்கார்ந்து வகுத்தே முடிக்கக்கூடிய பெரிய எண் இது என்பாள் அக்கா. அதைத் தன் கையால், பென்சிலால், கால்குலேட்டர் இல்லாமல், புத்தகத்தைப் புரட்டாமல் பகா எண் என்று காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை.

"கண்ணே தெரியாதவர் பண்ணினார். எனக்கு ஒண்ணரைக் கண்ணு இருக்கு" என்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "ஒரு தப்பு வந்தாலும் கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம் யாரும் என்னைத் தேத்த வேணாம்."

அவள் பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அடைப்பு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனபோது அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

ஆனால் அந்த எண்ணின் பத்து இலக்கங்களும் அவளுக்கு நினைவில்லை. நீளமான எண் எதுவும் அவள் தலையில் தங்கவில்லை. எப்படிப் பிறந்த எண் என்று தெரியும், முகம் மறந்துவிட்டது. நான் போனில் பார்த்து ஓர் அட்டைத் துண்டில் எழுதி அத்தானிடம் கொடுத்தேன். வலது பக்கம் தெரியாததால் அவள் மேஜைக்கு இடது பக்கச் சுவரில், எட்டத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதி மாட்ட வேண்டும். அத்தான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கறுப்புப் பலகையில் மஞ்சள் பெயிண்டால் எழுதினார். 2147843647. ஒவ்வொரு இலக்கமும் ஒரு சாண் உயரம். இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு இடம். நகைக்கடைக்குக் கூட இப்படி எழுதியிருக்க மாட்டார்.

அக்கா ஆரம்பித்தாள். மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். எதிலும் மீதி பூஜ்யம் வரக்கூடாது. நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரை போனால் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்றாள். அதற்குள்ளேயே ஆயிரக்கணக்கான பகா எண்கள் இருக்கின்றன என்று தெரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு குறுக்கு வழி உண்டு, வருடா வருடம் அவளே வகுப்பில் நடத்தியது, அது எத்தனை மண்டையை உடைத்துக்கொண்டாலும் வரவில்லை. புத்தக அலமாரி கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மாணவரை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றிக்கொள்வதற்கு இடையில் நான் அங்கே ஓடுவேன். இடது கையால் எழுதிய இலக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். அத்தானின் பழைய போஸ்டர்களின் பின்பக்கம்தான் காகிதம். ஏழால் வகுத்ததற்கு ஒரு காலை முழுதும் போயிற்று, மீதி ஐந்து. பதின்மூன்றுக்கு மீதி ஒன்று. ஒவ்வொன்றையும் வகுத்து முடித்ததும் திரும்பப் பெருக்கி, மீதியைக் கூட்டி, போர்டில் இருக்கும் எண் வருகிறதா என்று பார்ப்பாள். வராவிட்டால் காகிதத்தைக் கசக்காமல் தப்பு எங்கே என்று தேடுவாள். முதலில் அடிக்கடி வரவில்லை. "இதெல்லாம் ஒத்திகை, பரீட்சையில சேராது" என்று நானே ஒரு சப்பைக்கட்டு கட்டினேன். இருபத்தொன்பதுக்கு வந்தபோது ஒரே மூச்சில் சரியாக வந்தது. "இங்கேருந்து பரீட்சை" என்றாள். நாற்பத்தொன்றுக்கு மீதி பதினேழு. நாற்பத்துமூன்றை ஒரே அமர்வில் முடித்தாள், மீதி பதினொன்று. அன்று நான் மாணவர் ஒருவரை ஒரு தடவை கூடத் திட்டவில்லை, அவர் பயந்துபோய் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நாற்பத்தேழில் வந்தது வினை.

அன்று மதியம் நான் போனபோது அக்கா பென்சிலைக் கீழே வைத்திருந்தாள். மேஜையில் மூன்று தாள்கள். மூன்றிலும் அதே வகுத்தல், மூன்றின் அடியிலும் பூஜ்யம். திரும்பப் பெருக்கியும் பார்த்திருந்தாள், அச்சாகப் போர்டில் உள்ளது வந்திருந்தது. அதாவது அந்த எண் நாற்பத்தேழால் வகுபடுகிறது, அது பகா எண்ணே இல்லை. உலகம் முழுக்க இத்தனை காலமாகப் பகா எண் என்று சொல்லி வந்ததை எங்கள் வீட்டு மேஜையில் ஒரு பென்சில் இல்லை என்கிறது. அப்படியென்றால் யார் பக்கம் தப்பு என்று சொல்லவா வேண்டும்?

"மூணு தடவை ஒரே தப்பைப் பண்றேன். பண்றது தப்புன்னுகூடத் தெரியல" என்றாள். குரல் உயரவில்லை. "அதை எடுத்துட்டு வரச் சொல்லு."

எதை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அத்தான் விண்ணப்பத்தை எடுத்து வந்தார். அவர் முகத்தில் அந்த நிம்மதி திரும்பவும் தெரிந்ததா, என் கண்ணுக்குத்தான் அப்படிப் பட்டதா என்று இன்றுவரை தெரியாது. போனில் ஒரு நொடியில் வகுத்துப் பார்த்துவிடலாம் என்று கை பரபரத்தது, ஆனால் பரீட்சை முடியும்வரை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கின்படி போன் காரில் கிடந்தது. கிடக்காமல் இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். அவள் தப்பு என்று போன் சொல்வதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. இடது கையெழுத்து செல்லுமா என்று கல்லூரியில் கேட்டுவிட்டுப் போடலாம் என்று வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னேன். அக்கா என்னை நம்பவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் காலை அவளை நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துப் பூங்காவில் வட்டமாக ஒரு பாதை, டாக்டர் சொன்னபடி தினமும் அதைச் சுற்றுவாள். நான் வழியெல்லாம் தேற்றிக்கொண்டே வந்தேன். ஓய்வு வாங்கிக்கொண்டு ஏதாவது நூலகத்தில் வேலை பார்ப்பது கூட நல்லதுதான், குளுகுளு என்று இருக்கும் என்று ஏதேதோ உளறினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பாதை நடுவில் நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று தோளைப் பிடித்தேன்.

"நாப்பத்தேழு வகுக்க முடியாது" என்றாள்.

"சரிக்கா. பரவால்ல. அத விடு."

"நான் சொல்றதைக் கேளுடி. வகுக்கல இல்ல. வகுக்க முடியாது."

அங்கேயே நின்றுகொண்டு சொன்னாள். ஓர் எண்ணுக்காக ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாற்பத்தேழு மணி காட்டும் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். எனக்குக் கடிகாரத்தைவிட ரவுண்டானா சுலபம், அதனால் நாற்பத்தேழு வாசல் உள்ள ஒரு ரவுண்டானாவை வைத்துக்கொண்டேன். ஒன்றாம் வாசலில் ஆரம்பித்து, ஒவ்வோர் அடிக்கும் எண்ணை இரட்டிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. அடுத்தது அறுபத்து நான்கு, அது ஒரு சுற்றைத் தாண்டிவிட்டது, நாற்பத்தேழைக் கழித்தால் பதினேழாம் வாசல். இப்படியே போனால் என்றாவது ஒருநாள் திரும்ப ஒன்றாம் வாசலுக்கு வந்தாக வேண்டும். எத்தனாவது அடியில் வருகிறது என்பதைத்தான் நான் நூலகத்தின் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது அவள் எண்ணியிருக்கிறாள்.

"இருபத்து மூணாவது அடியில வருது. இன்னும் எட்டு அடி வெச்சா முப்பத்தொண்ணு. ஒண்ணுலேருந்து எட்டு அடி வெச்சா எங்க நிக்கும்? இருபத்தொண்ணுல. நம்ம எண்ணுன்னா என்ன? ரெண்டை முப்பத்தொரு தடவை ரெட்டிச்சு ஒண்ணு குறைச்சது. அப்ப அதை நாப்பத்தேழால வகுத்தா மீதி இருபது வரணும். பூஜ்யம் வரவே வராது."

"அதான் தப்பா வகுத்துட்டேன்னு நீயே சொன்னியேக்கா."

"மூணு தடவை வகுத்தேன். மூணு தடவை திருப்பிப் பெருக்கினேன். அது தப்பில்ல." என் கையைப் பிடித்திருந்த இடது கை இறுகியது. "போர்டுல இருக்கறதை நாப்பத்தேழு வகுக்குது. என் எண்ணை நாப்பத்தேழு வகுக்காது. அப்ப போர்டுல இருக்கறது என் எண் இல்ல."

வீடு வரை அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். நேராக மேஜையில் உட்கார்ந்தாள். இரண்டு, நான்கு, எட்டு என்று ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக இரட்டித்துக்கொண்டே கீழே இறங்கினாள். ஒரு போஸ்டர் போதவில்லை, இன்னொன்றை ஒட்டிக்கொண்டாள். அத்தான் தேநீரோடு வந்து நின்றவர் அப்படியே நின்றார். என் மாணவர் ஒருவர் தெருமுனையில் எனக்காகக் காத்திருந்தார், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பத்தொன்றாவது வரிக்கு வந்ததும் ஒன்றைக் கழித்துவிட்டு, போர்டை என்னைப் படிக்கச் சொன்னாள். நான் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கப் படிக்கத் தன் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு, ஒன்று, நான்கு, ஏழு. விரல் நின்றது.

"அடுத்து?"

"எட்டு, நாலு" என்றேன்.

"எனக்கு நாலு, எட்டு."

போர்டின் நட்ட நடுவில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. 2147483647 என்று இருக்க வேண்டியது. கிழித்துப் போடாமல் வைத்திருந்த என் அட்டைத் துண்டைத் தேடி எடுத்தேன், அதில் சரியாகத்தான் இருந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று அவரை நான் கேட்ட கேள்விகளை இங்கே முழுதாக எழுத முடியாது. அவள் வீட்டோடு கிடக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே மாற்றி எழுதினாரா என்று நேராகவே கேட்டேன். மனிதர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போர்டுன்னா நான் எப்பவும் நடுவுலேருந்துதான் ஆரம்பிப்பேன். அப்பத்தான் ரெண்டு பக்கமும் இடம் சமமா வரும். இதுல பத்து இலக்கம், நடுவுல ரெண்டு. அந்த ரெண்டையும் முதல்ல போட்டுட்டு, அப்புறம் ரெண்டு பக்கமும் வெளியில போனேன். அங்கதான் மாறிப்போச்சு." போர்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "கடைப் பேருன்னா எழுதி முடிச்சுப் படிச்சாத் தெரிஞ்சுடும். எண்ணுல என்னத்தைப் படிக்கிறது? அவ ஓய்வெடுக்கட்டும்னு நெனச்சேன், இல்லேங்கல. ஆனா அவ கணக்குல கை வைக்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லம்மா."

எனக்கு இன்னும் கேட்க நிறைய இருந்தது. அதற்குள் மேஜைப் பக்கமிருந்து ஒரு சத்தம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயின் வலது ஓரம் இன்னும் சரியாக ஒத்துழைக்காததால் கோணலான சிரிப்பு. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அழுகையும் அதிலேயே கலந்திருந்தது.

"நடுவுலேருந்து எழுதினாராம்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஏங்க, என் மூளை போயிடுச்சுன்னு நெனச்சேங்க. நல்லா இருக்குங்க. போர்டுதான் தப்பு."

அத்தானும் அழுதார். நான் அழவில்லை, தெருமுனையில் நின்றிருந்த மாணவரைப் போய்த் திட்டினேன்.

அந்த நாற்பத்தேழு இன்னொரு வேலையும் செய்தது. தொலைந்துபோன குறுக்கு வழி அந்தச் சுற்றுப் பாதையிலேயே அவளுக்குத் திரும்பிவிட்டது. எந்தக் கடிகாரம் சரியாக முப்பத்தொன்றாவது அடியில் ஒன்றுக்குத் திரும்புகிறதோ அதுதான் இந்த எண்ணை வகுக்க முடியும். அப்படித் திரும்ப வேண்டுமென்றால், அந்தப் பகா எண்ணை முப்பத்தொன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும். எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ மிஞ்ச வேண்டும். இந்த இரண்டு சல்லடையிலும் சலித்தால் ஆயிரக்கணக்கில் இருந்தது நூறுக்கும் கீழே வந்து நின்றது. எனக்குச் சல்லடை மட்டும்தான் புரிந்தது, அது போதும். அத்தான் அவள் படிக்கப் படிக்க, இடது ஓரத்திலிருந்து வரிசையாக, புதிதாகப் போர்டு எழுதினார். ஓரங்களில் இடம் சமமாக வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுளித்தது, அவள் மாற்ற விடவில்லை.

முதலில் முந்நூற்றுப் பதினொன்று, மீதி முப்பத்தைந்து. அடுத்தது ஆயிரத்து முந்நூற்று மூன்று. அதில் மீதி தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு என்று எழுதிவிட்டுத் திரும்பப் பெருக்கியவள் நிமிர்ந்தாள். பத்து இலக்கம் வரவேண்டிய இடத்தில் ஒன்பதுதான் வந்திருந்தது. போர்டின் வலது கடைசி ஏழு அவள் கண்ணில் படாமலே போயிருந்தது. இது போர்டின் தப்பு இல்லை. அவளுடையது.

நானும் அத்தானும் அறையில்தான் இருந்தோம். ஒரு தப்பு வந்தாலும் என்று அவள் சொன்ன சொல் எங்கள் இருவர் காதிலும் ஒலித்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா தலையை நன்றாக வலது பக்கம் திருப்பி, போர்டின் கடைசி வரை பார்த்தாள். அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். விட்டுப்போன ஏழை இறக்கி மறுபடி வகுத்தாள். மீதி இருநூற்று இருபத்தாறு. அடுத்த எண்ணை எழுதினாள். சொன்ன சொல்லை அவளுக்கு ஞாபகப்படுத்துகிற துணிச்சல் எனக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிக் கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். தோள் வலித்தது. கண்ணில் நீர் கொட்டியது. போதும் என்று அத்தான் ஒருநாள் பென்சிலை ஒளித்து வைத்தார், அவள் அவருடைய பிரஷை எடுத்துப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் கொடுத்துவிட்டார். விடுமுறை முடிகிற வாரம் கடைசி எண்ணும் முடிந்தது. ஒன்றில் கூடப் பூஜ்யம் இல்லை. அத்தான் அவள் மூடி வைத்திருந்த விண்ணப்பத்தைத் தானே எடுத்து வந்து, பிரஷ் துடைக்க வைத்துக்கொண்டார். அவரால் நேராகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

கல்லூரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். முதல்வர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். அக்கா தாள்கட்டை மேஜையில் வைத்து என்ன செய்தேன் என்று சொன்னாள். ஆச்சரியம்தான், அபாரம்தான் என்றார். தாள்களைத் தொடவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் போனில் படம் பிடித்துவிடுகிறார்கள். வகுப்பில், எல்லோர் முன்னாலும், எழுதும்போது ஏதாவது தப்பு வந்துவிட்டால் இத்தனை வருடம் சம்பாதித்த பேர் என்ன ஆவது? அவர் உண்மையாகவே அவளுக்காகத்தான் கவலைப்பட்டார், அதனால் என்னால் திட்டவும் முடியவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் சொற்களைத் தேடினாள். தேடுவதை அவர் பார்க்கட்டும் என்று விட்டாள்.

"தப்பு வரும் சார். இதுலயே வந்துச்சு. ஒரு தப்பும் வராதுன்னு காட்டத்தான் ஆரம்பிச்சேன், அது முடியல. போர்டுல ஒரு தப்பு இருந்துச்சு, அதை நான் கண்டுபிடிச்சேன். என் கையில ஒரு தப்பு வந்துச்சு, அதையும் நான்தான் கண்டுபிடிச்சேன்." தாள்கட்டின் மேல் இடது கையை வைத்தாள். "இனிமேலும் வரும். வந்தா எனக்குத் தெரியும். எனக்கு வகுப்பு வேணும்."

முதல்வர் அவளைப் பார்த்தார், பிறகு அந்தத் தாள்கட்டை முதல் தடவையாகத் தன் பக்கம் இழுத்தார். அடித்துத் திருத்திய அந்த வரியில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து வரலாமே என்றார். இப்போது எந்த வகுப்புக்கு ஆள் இல்லை என்று கேட்டாள் அக்கா. முதலாம் ஆண்டுக்கு இல்லை என்று அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

நான் வராந்தாவில், வகுப்பின் ஜன்னலோரம் நின்றேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், அவள் உட்காரச் சொன்னாள். இடது கையால் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள், வரி மேலேறிக் கோணலாகப் போயிற்று. நான்காவது வரியில் சாக்பீஸ் நின்றது. என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, அங்கே ஒரு பிரேக் இருப்பது போல. ஒரு மாணவி கையைப் பாதி தூக்கிவிட்டுத் தயங்கினாள். அக்கா தலையை நன்றாக வலது பக்கம் திருப்பி வரியின் கடைசி வரை பார்த்தாள், ஓர் இலக்கத்தை உள்ளங்கையால் அழித்தாள், சரியானதை எழுதினாள். "இது தப்பு. கவனிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனாள். அந்தப் பெண் கையை இறக்கி எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் அழுதேன், நன்றாக, முகத்தை மூடாமல் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினேன், ஒரு மாணவர் எனக்காகக் காத்திருந்தார்.